குழாயடியும் கோவில் வாசலும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே!

"சமயமும் பொதுவாழ்வும்" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. இதைப் பற்றி டில்லியிலே பேசலாம், கல்லூரியிலே பேசலாம். ஆனால் நம் செயலாளர் தம்பி இந்தத் தலைப்பை எதற்காகக் கொடுத்தார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். இன்னும் ஒரு மணி நேரத்தில் இரண்டு தீர்மானங்கள் உங்கள் முன்னால் வர இருக்கின்றன. ஒன்று, நமது படிப்பக அறையின் மூலையில் மாடம் கட்டிச் சாமி படம் வைப்பது. இன்னொன்று, சங்கச் சந்தாவில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுத் திருவிழாவுக்கு ஒதுக்குவது. அதோடு வீட்டுக்கு வீடு வரி போட்டு, கொடுக்காதவர் பெயரைக் குழாயடிக் கரும்பலகையில் எழுதிப் போடுவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சாமி கும்பிடுகிறவன் அல்ல. பதினெட்டு வயதில் ஊரிலே படிப்பகத்தில் கேட்ட பேச்சுகள் என்னை மாற்றின. ஆனால் என் வீட்டிலே, என் கோலியிலே, கண்ணாடிக்குப் பக்கத்தில் முருகன் படம் இருக்கிறது. அது என் துணைவியாரின் உரிமை. அந்தப் படத்தை எடுக்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அதன் முன்னால் என்னைக் கைகூப்பி நிற்கச் சொல்லும் உரிமை அவருக்கும் இல்லை. நாற்பது ஆண்டுக் குடும்பம் இந்த ஒரு ஒப்பந்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். நான் சொல்லப்போகும் அரசியல் சட்டமும் ஏறக்குறைய இந்த ஒப்பந்தம்தான்.

சாமியை ஏன் கூடவே கொண்டுவந்தோம்?

திருவிழா வேண்டும் என்று கேட்பவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. நேற்று ஓர் அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "ஊரிலே நிலம் போச்சு, வீடு இடிஞ்சு போச்சு. ஊர்க் கொடையை மட்டும்தான் நாங்க இங்கே கொண்டுவந்தோம். அதையும் விடச் சொல்றியா?" அந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. ரயில் பெட்டியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாதபோது, "இங்கே நம்ம ஊர்க்காரங்க சாமி வச்சிருக்காங்க" என்ற ஒரு சொல் எவ்வளவு ஆறுதல்! திருவிழாவிலே நம் பெண்கள் தமிழிலே பாடுகிறார்கள். மராத்தியும் இந்தியும் பேசி வளரும் பிள்ளைகள் அன்றைக்குத்தான் பத்துத் தமிழ்ச் சொல்லைச் சேர்த்துக் கற்கிறார்கள். கல்யாணப் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. வேலை இழந்தவனுக்கு வேலை அங்கேதான் கிடைக்கிறது.

தாராவியிலே பெரிய மசூதி 1887இல் தொடங்கியது என்றும், பழைய பிள்ளையார் கோவில் 1913இல் எழுந்தது என்றும் வரலாறு சொல்கிறது. தோல் பதனிட வந்த தமிழ் முஸ்லிம்களும், ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கூலியாக வந்த மற்றத் தமிழர்களும் சதுப்பு நிலத்திலே குடிசை போட்ட கையோடு தொழுகைக்கும் ஓர் இடம் தேடிக்கொண்டார்கள். ஏழைக்குப் பக்தி ஒரு சொத்து. அதை ஏளனம் செய்பவன் ஏழையின் நண்பன் அல்ல.

ஆனால், தோழர்களே, அதே ஊர்க் கொடைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஊரிலே வரி பிரிக்கும்போது யாரிடம் பிரித்தார்கள், யாரிடம் பிரிக்கவில்லை என்பது நினைவிருக்கிறதா? வரி வாங்காத வீடு என்றால் அது சலுகை அல்ல. "நீ எங்களில் சேர்ந்தவன் அல்ல" என்ற அறிவிப்பு. தேர் எந்தத் தெருவுக்குள் வராதோ, அந்தத் தெருவிலிருந்து வந்தவர்களும் இந்த அரங்கிலே உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரை நினைத்து அழுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள்; ஊரிலிருந்து தப்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். சங்கம் இருவருக்கும் சொந்தம்.

கமுதியும் மகாடும்

இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். ஒன்று நம் நாட்டுப்புறத்தில் நடந்தது. மற்றொன்று நாம் பிழைக்க வந்த இந்த மராட்டிய மண்ணிலே நடந்தது.

1897இல் இராமநாதபுரம் சீமையிலே கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு வந்தது. கீழ்க் கோர்ட்டிலிருந்து சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியாக லண்டன் பிரிவி கவுன்சிலுக்கே போயிற்று. 1908இல் தீர்ப்பு: நுழைய உரிமை இல்லை. காரணம் என்ன? வழக்கம். பழைய வழக்கம் அப்படி இருக்கிறது என்பதே காரணம்.

மகாடு, கொங்கணத்திலே ஒரு சிறிய நகரம். அங்கே சவுதார் குளம் என்று ஒரு பொதுக்குளம். பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே என்பவர் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். மகாடு நகராட்சியும் 1924இல் ஒப்புக்கொண்டது. காகிதத்திலே குளம் திறந்துவிட்டது; கரையிலே திறக்கவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார்.

பிறகு என்ன நடந்தது? ஊருக்குள் ஒரு வதந்தி பரவியது: "அடுத்து நம் கோவிலுக்குள் நுழையப் போகிறார்கள்!" அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்மீது தடியோடு பாய்ந்தார்கள். பிறகு குளத்தைச் சாணமும் கோமியமும் ஊற்றிச் "சுத்தம்" செய்தார்கள்.

இதிலே ஒன்றைக் கவனியுங்கள். கேட்டது தண்ணீர். கிளப்பிவிட்டது கோவில். தண்ணீர் கேட்டவனைத் தண்ணீருக்காக அடித்தால் ஊரார் வெட்கப்படுவார்கள். கோவிலுக்காக அடித்தால் பெருமைப்படுவார்கள். பொது உரிமையைத் தர மனமில்லாதவன் சாமியின் பெயரைத் தூக்கிக்கொண்டு வருவது அன்றைக்கும் நடந்தது, பிறகும் நடந்தது.

குளத்து வழக்கு பத்தாண்டு இழுத்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அம்பேத்கர் பக்கம் வென்றது. எப்படி வென்றது தெரியுமா? தடுக்கும் வழக்கம் தொன்றுதொட்டு வந்தது என்று எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை என்பதால் வென்றது. அப்படியானால், நிரூபித்திருந்தால்? தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கும் உரிமை, பழைய வழக்கத்துக்குச் சாட்சி கிடைக்கிறதா இல்லையா என்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. இதனால்தான் அரசியல் சட்டத்தின் 15ஆம் விதியிலே கிணறு, குளம், படித்துறை, சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, மதம், சாதி பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். உலகத்துச் சட்டப் புத்தகத்தில் கிணற்றையும் குளத்தையும் எழுதியவர்கள் குறைவு. எழுதியவர்கள் தாகத்தை அறிந்தவர்கள்.

குழாயடிக் கரும்பலகை என்ற சொல்லைத் தீர்மானத்திலே பார்த்தபோது எனக்கு மகாடு நினைவு வந்தது. தவறா?

சட்டம் என்ன சொல்கிறது?

மதச்சார்பின்மை என்றால் சாமி இல்லை என்று சொல்வது என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லாச் சாமிக்கும் மேடையிலே மாலை போடுவது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் அல்ல. 25ஆம் விதி, மனச்சான்றின் சுதந்திரத்தையும், ஒரு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையையும் எல்லோருக்கும் தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் என்ற மூன்று வேலிகளோடு தருகிறது. அதே விதி, இந்துக் கோவில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடச் சட்டம் செய்யலாம் என்றும் சொல்கிறது. 27ஆம் விதி, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று செலவிடப்படும் வரியைக் கட்டும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது. 28ஆம் விதி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது. "மதச்சார்பற்ற" என்ற சொல் 1976இல்தான் முகப்புரையில் சேர்ந்தது. ஆனால் அந்தப் பொருள் முதலிலிருந்தே சட்டத்தின் எலும்பிலே இருந்தது. அது அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒன்று என்று 1994இல் பொம்மை வழக்கிலே உச்சநீதிமன்றம் உறுதி செய்தது.

சட்டம் நம்பிக்கையைக் காத்த ஒரு கதையையும் சொல்ல வேண்டும். கேரளத்திலே யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள். பள்ளியிலே தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அவர்கள் நம்பிக்கை அப்படி. 1985இல் பள்ளியை விட்டு நீக்கினார்கள். 1986இல் உச்சநீதிமன்றம் அந்தக் குழந்தைகளை மீண்டும் சேர்க்கச் சொன்னது. எழுந்து நிற்பதிலே மரியாதை இருக்கிறது. வாயைத் திறக்கக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாடு முழுதும் சேர்ந்தாலும் அவர்கள் ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடிப் பேருக்குக் கிடைத்த நீதிதான் சட்டத்துக்கு உரைகல். பெரும்பான்மைக்கு நீதி தருவதற்குச் சட்டம் எதற்கு? அதற்குக் கூட்டமே போதுமே!

தெருவுக்கு வந்த பிள்ளையார்

இந்த நகரத்திலே வாழும் நமக்குப் பிள்ளையார் விழாவைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1890களிலே திலகர் முன்னின்று வீட்டு வழிபாட்டைத் தெரு விழாவாக வளர்த்தார். வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்திலே மக்களைத் திரட்ட அது ஒரு வழியாயிற்று. அது உண்மை. ஆனால் 1893 ஆகஸ்டில் பம்பாயிலே இந்து முஸ்லிம் கலவரம் நடந்தது என்பதும், அதன்பிறகு முஹர்ரம் ஊர்வலத்திலே இந்துக்கள் கலந்துகொள்ளாதபடி பிரசாரம் நடந்தது என்பதும் உண்மை. அதற்கு முன்னால் இந்துக்களும் அந்த ஊர்வலத்தில் போனவர்கள்தான். ஒரே விழா சேர்க்கவும் செய்தது, பிரிக்கவும் செய்தது. யார் கையில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறியது.

ஓட்டுக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1987இல் இதே நகரத்து விலே பார்லே இடைத்தேர்தலில் மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்டதற்காக வென்ற வேட்பாளரின் தேர்தல் செல்லாது என்று ஆயிற்று. 1995இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1990இல் சாந்தாக்ரூஸ் தொகுதித் தேர்தலிலிருந்து கிளம்பிய இன்னொரு வழக்கு நெடுங்காலம் நடந்து, 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் முன்னால் முடிந்தது. நான்கு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறு பக்கம். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, ஓட்டுப் போடுகிறவரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டாலும் அது முறைகேடு என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. சட்டம் இருக்கிறது. ஆனால் விழாப் பந்தல் வளைவிலே கட்சிக்காரர் படம் சாமி படத்தைவிடப் பெரிதாக இருந்தால், அதைத் தடுக்க வேண்டியது நீதிபதியா, நாமா?

அந்த அறை

இப்போது மனம் கனக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன்.

1992 டிசம்பர், 1993 ஜனவரி. இந்த அரங்கிலே உள்ள இளைஞர்களுக்கு அது கதை. எங்களுக்கு அது உடம்பிலே இருக்கிறது. ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் எடுத்த கணக்குப்படி அந்த இரண்டு மாதக் கலவரங்களில் செத்தவர்கள் 900 பேர். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள்; 275 பேர் இந்துக்கள்.

எங்கள் சாலிலே ஒரு தையற்காரர் பாய் இருந்தார். நம் பக்கத்து ஊர்க்காரர். நம்மைவிடச் சுத்தமான திருநெல்வேலித் தமிழ். ஊரடங்கின் இரண்டாம் நாள் இரவு, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் படிக்கட்டிலே நின்றார். கோவிலுக்குப் போக அவருக்குப் பயம். மசூதி இருக்கும் பக்கம் போக வழியில்லை. அப்போது நம் படிப்பகத்தைத் திறந்தோம். அன்றிரவு அங்கே அவர் குடும்பம். இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள். அடுத்த சந்திலே வீடு எரிந்துபோன ஒரு இந்துக் குடும்பம். ஒன்பது நாள் அங்கேயே கஞ்சி காய்ச்சினோம். அந்தக் குடும்பத்து அம்மா, கையிலே சாம்பலோடு வந்தவர், முதல் நாள் பாயின் பிள்ளைகளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் அதே பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார். நான் இரண்டையும் கண்ணால் பார்த்தேன்.

அந்த அறைக்குள் எல்லோரும் ஏன் தயங்காமல் நுழைந்தார்கள்? அங்கே சுவரிலே என்ன இருந்தது? ஒரு பழைய கடிகாரம், ஒரு இந்தியப் படம், வாடகைப் பாக்கிக் கணக்கு. வேறொன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால்தான் அது எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது.

அங்கே ஒரு மாடம் இருந்திருந்தால் நாம் பாயைத் தடுத்திருக்க மாட்டோம் என்று சொல்வீர்கள். நம்புகிறேன். ஆனால் அவர் கேட்டிருப்பாரா? கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது; உள்ளே வர மனம் துணிய வேண்டும். பயந்தவனுடைய கால் சட்டம் படித்துக்கொண்டு நிற்பதில்லை.

ஊரிலே நாம் பெரும்பான்மையாக இருந்திருக்கலாம். இங்கே நாம் சிறுபான்மை. நம் மொழி இங்கே சிறுபான்மை. "வெளியூர்க்காரன்" என்று கடைப் பலகையை உடைத்த காலத்தை 1960களின் கடைசியில் நம் பெரியவர்கள் பார்த்தார்கள். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவனுக்கு ஒரு கடமை உண்டு. எந்த விதியைப் போட்டாலும், "நான் பத்திலே ஒருவனாக இருந்தால் இது எனக்கு எப்படி இருக்கும்?" என்று அவன் கேட்க வேண்டும்.

பகுத்தறிவுத் தோழர்களுக்கும் இதே அளவுகோல்தான். படிப்பக வாசலிலே கடவுள் இல்லை என்று பலகை வைக்கச் சொன்னாலும் நான் எதிர்ப்பேன். அதைப் பார்த்து ஒரு கிழவி படியேறத் தயங்கினால் சங்கம் அன்றைக்கே சிறுத்துவிடும்.

என் யோசனை

திருவிழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நடக்கட்டும், சிறப்பாக நடக்கட்டும். ஐந்து யோசனைகளைப் பணிவோடு வைக்கிறேன்.

முதலாவது, விழாவுக்குத் தனிக் குழு, தனி ரசீதுப் புத்தகம், தனிக் கணக்கு. மனமுவந்து கொடுப்பவரிடம் வாங்குங்கள். சந்தாப் பணத்தைத் தொட வேண்டாம். அதிலே ஜெபக்கூடத்துக்குப் போகும் அக்காவின் பணமும் இருக்கிறது, தொழுகைக்குப் போகும் தம்பியின் பணமும் இருக்கிறது, எதற்கும் போகாத என்னுடைய பணமும் இருக்கிறது. 27ஆம் விதி அரசுக்குத்தான் எழுதப்பட்டது; சங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல் சொல்லலாம். சட்டம் கட்டாவிட்டாலும் நியாயம் கட்டும்.

இரண்டாவது, கரும்பலகை வேண்டவே வேண்டாம். கொடுக்காதவன் நாத்திகனாக இருக்கலாம், வேறு மதத்தவனாக இருக்கலாம், அந்த மாதம் சம்பளம் வராதவனாகவும் இருக்கலாம். தண்ணீர் பிடிக்க வரும் இடத்தில் ஒருவனுடைய பெயரைத் தொங்கவிடுவது பக்தி ஆகாது.

மூன்றாவது, சங்கத்தின் அண்டா, பெஞ்சு, விளக்குச் சாமான் ஆகியவற்றை விழாவுக்கும் கொடுப்போம். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கும் கொடுப்போம். நோன்புக் கஞ்சிக்கும் கொடுப்போம். சாமி கும்பிடாதவர் வீட்டுச் சீர்திருத்தக் கல்யாணத்துக்கும் கொடுப்போம். ஒரே வாடகை, ஒரே விதி.

நான்காவது, பந்தல் குழாயடியையும் கக்கூசுக்குப் போகும் வழியையும் அடைக்கக் கூடாது. ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நிற்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அரசு அனுமதிக்கும் சில விழா நாட்களில் மட்டும் 12 மணி வரை விலக்கு. நைட் ஷிப்டுக்காரன் தூக்கத்தையும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும் நினையுங்கள். பொது இடத்தில் நிரந்தரமாகக் கட்ட வேண்டாம். தெருவிலும் பூங்காவிலும் புதிதாக வழிபாட்டுக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 2009இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

ஐந்தாவது, வளைவிலே எந்தக் கட்சிக்காரர் படமும் வேண்டாம். சாமிக்கு சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.

படிப்பக அறை அப்படியே இருக்கட்டும். பழைய கடிகாரம் ஓடவில்லை. அதைப் பழுது பார்ப்போம். அந்த மூலையிலே மாடத்துக்குப் பதில் ஒரு தமிழ்ப் புத்தக அலமாரி வைப்போம். பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்றுதானே அண்ணாச்சி கவலைப்பட்டார்? திருவிழாவிலே பத்துச் சொல் கற்ற பிள்ளை, அலமாரியிலே ஆயிரம் சொல் கற்கட்டும்.

அந்தத் தையற்காரர் பாய் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகன் நம் சங்க உறுப்பினர். இந்தக் கூட்டத்திலே இருக்கிறார். இந்த ஆண்டுச் சந்தாவை ஜனவரியிலேயே கட்டிவிட்டார். இரண்டு தீர்மானத்துக்கும் நீங்கள் கை தூக்கும்போது அவரும் இங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதை மட்டும் மறக்காமல் முடிவெடுங்கள்.